பாதிச் சட்டத்தின் தண்ணீர்

மலைக்கு அந்தப் பக்கம் தலைநகரமும் இந்தப் பக்கம் நெடுவாய் ஆறுமாக ஒரு நாடு இருந்தது, அந்த நாட்டுக்குச் சட்டம் செய்ய இரண்டு அவைகள் இருந்தன, இரண்டும் ஒரே கட்டடத்தில் நீண்டதொரு நடைபாதையின் இரு முனைகளில் உட்கார்ந்து, முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள் மாதிரி காலம் தள்ளின. கீழவை ஆட்சியை உட்கார வைக்கும், பிடிக்காவிட்டால் எழுப்பி விரட்டும், வரி போடும், ஐந்து வருஷம் ஆனால் கலைந்து வீட்டுக்குப் போகும். மேலவை எந்த ஆட்சியையும் கவிழ்க்காது, தானும் கலையாது, கீழவை செய்து அனுப்பியதை மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்து, சரி என்றால் சரி என்னும், கோணல் தெரிந்தால் திருத்தித் திருப்பி அனுப்பும், மனசே இல்லாவிட்டால் ஒரு குழுவில் போட்டு உறங்க வைக்கும். இரண்டும் தலையாட்டினால்தான் சட்டம். ஒன்று மட்டும் தலையாட்டினால் அது பாதிச் சட்டம், அதனால் ஒரு புல்லும் அசையாது என்று பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள் சொல்லின, சேம்பாறை மக்களும் அதையே நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

அந்த நிம்மதி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போயிற்று. சேம்பாறை ஆற்றோரப் பள்ளத்தாக்கில் இருந்த சந்தை ஊர், சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் அதுதான் பட்டணம். அங்கே 'வைரவன் சவுண்ட் சர்வீஸ்' என்று பலகை மாட்டி, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மைக்செட் கட்டுகிற வைரவன் அன்றைக்குச் சந்தைத் திடலில் ஏணி மேல் நின்று குழாய் ஸ்பீக்கரைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் கீழவையின் நடவடிக்கைகள் ஓடிக்கொண்டிருந்தன, ஏனென்றால் நெடுவாய் ஆற்றின் குறுக்கே அணை கட்டிப் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீரைத் தேக்குவதற்கான மசோதா அன்றைக்கு அங்கே வந்திருந்தது, ஊரே திடலில் கூடி அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் கத்தினார்கள், ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள், அவைத்தலைவர் ஆம் என்போர் ஆம் என்க என்றார், இல்லை என்போர் இல்லை என்க என்றார், ஆம் என்போரே அதிகம், மசோதா நிறைவேறியது என்றார், அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் திடலின் மண்ணிலிருந்து தண்ணீர் கிளம்பியது.

சத்தமே இல்லாமல் கிளம்பியது. கணுக்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, கடைகளின் கல்லாப்பெட்டிகளைத் தாண்டி, ஏணி மேல் நின்ற வைரவனையும் அவன் ஸ்பீக்கரையும் தாண்டி, கோயில் கோபுரத்தையும் மாதாகோயில் சிலுவையையும் தண்ணீர்த் தொட்டியையும் விழுங்கி, மலையின் பாதி உயரத்தில், தார்ச்சாலைக்குக் கொஞ்சம் கீழே, அணை கட்டினால் எங்கே நிற்குமோ அங்கே போய் நின்றது. ஜனங்கள் அலறிக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தார்கள், மூச்சை அடக்கினார்கள், அடக்க முடியாமல் விட்டார்கள், விட்ட மூச்சு திரும்பவும் வந்தது. அடுப்பில் கொதித்த உலை கொதித்துக்கொண்டே இருந்தது. கொடியில் காய்ந்த வேட்டி காய்ந்தபடியே மிதந்தது. டீக்கடை மரியசூசை தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நனையலையே என்றான். அந்தத் தண்ணீர் யாரையும் நனைக்கவில்லை, யாருக்கும் மூச்சை அடைக்கவில்லை. ஒரு அவை மட்டுமே நிறைவேற்றிய தண்ணீர் அல்லவா, அதற்கு அவ்வளவுதான் அதிகாரம்.

எல்லாரும் வைரவனைத்தான் பார்த்தார்கள், ஏனென்றால் அவன் மனைவி சிந்தாமணி மேலவை உறுப்பினர். அவள் அந்த இடத்துக்குப் போனதே ஒரு வேடிக்கை. தேர்தல் தோறும் வைரவனின் வண்டியில் உட்கார்ந்து மைக்கில் ஓட்டுக் கேட்கிற குரல் அவளுடையது. அந்தக் குரலுக்காக ஆளுங்கட்சி அவளை ஊராட்சிக்கு நிறுத்தியது, அதில் ஜெயித்தாள், பிறகு மாவட்டத்தின் சார்பில் மேலவைக்கு ஒரு பெண்ணை அனுப்ப வேண்டி வந்தபோது கட்சிக்குள் இரண்டு பெரிய மனிதர்கள் முட்டிக்கொண்டு, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம் என்று இவளை அனுப்பினார்கள். எழுதிக் கொடுத்ததைத் தெளிவாக வாசிப்பாள், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டாள் என்பது அவர்கள் கணக்கு. அணை மசோதாவைக் கொண்டுவந்ததும் அதே கட்சிதான்.

மேலவையிலும் அந்தக் கட்சிக்கே தலைகள் அதிகம். ஆனாலும் அணைக்கட்டு வேலையை எந்த ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பது என்று கட்சிக்குள்ளேயே புகைச்சல் இருந்ததால் மசோதா ஒரு குழுவுக்குப் போனது, குழு உறங்கியது, தண்ணீர் நின்றது. மாதங்கள் போயின. சேம்பாறை அந்தத் தண்ணீருக்குள் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டது.

என்னவெல்லாம் கற்றுக்கொண்டது என்று சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான். சேலை முந்தானையைச் செருகாமல் விட்டால் அது மேலே மிதந்து மானத்தை வாங்கியதால் பெண்கள் முந்தானை நுனியில் சின்ன ஈயக் குண்டு தைத்துக்கொண்டார்கள். பந்தியில் அப்பளம் பரிமாறினால் இலையை விட்டு எழுந்து போனதால் சோற்றைப் போட்டு அதன் அடியில் அப்பளத்தை வைத்தார்கள். கெண்டை மீன்கள் வீடுகளுக்குள் வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து திறந்து மூடின, பூனைகள் அவற்றைப் பிடிக்கப் பாய்ந்து, பிடித்த மீன் பல்லுக்குள்ளிருந்து புகையாக நழுவிப்போக, கடைசியில் மனம் வெறுத்து மோர்ச்சோற்றுக்குத் திரும்பின. வெயில் பச்சையாக இறங்கியது, கோடையிலும் ஊர் குளுகுளு என்று இருந்தது, வெளியூர்ச் சொந்தக்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்க ஆரம்பித்தார்கள். கல்யாணத் தரகர்கள் அதையே ஒரு பெருமையாகச் சொல்லிச் சம்பந்தம் பேசினார்கள்.

தாசில்தார் ஒரு முறை வந்தார். தார்ச்சாலையில் ஜீப்பை நிறுத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தயங்கித் தயங்கித் தண்ணீருக்குள் இறங்கி, நனையாத பேண்டைப் பார்த்தபடி ஊருக்குள் நடந்து வந்து, மரியசூசையிடம் டீ குடித்தார், ஒரு விரால் அவர் காதை உரசிக்கொண்டு போனது. மசோதா இன்னும் சட்டமாகாததால் அதன் விளைவு என்று எதுவும் இருக்க முடியாது, ஆகவே இங்கே தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மேலவையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கேள்வி எழுப்பியபோது அமைச்சரும் எழுந்து, அப்படி எந்தத் தண்ணீரும் அரசின் கவனத்துக்கு வரவில்லை என்றார். அதைக் கேட்டு சேம்பாறை சிரித்தது. பழகிய சிரிப்பு அது, பயம் போன பிறகு வருகிற சிரிப்பு, அந்தச் சிரிப்புதான் பின்னால் பெரிய வினையாக முடிந்தது.

கீழவையின் ஐந்து வருஷம் முடிகிற காலம் வந்தது. அது கலைந்தால், அது நிறைவேற்றி மேலவையில் தூங்குகிற மசோதாக்களும் அத்தோடு செத்துப்போகும் என்பது அந்த நாட்டின் விதி; ஆகவே ஒப்பந்தக்காரர்களுக்குள் அவசர அவசரமாக ராசி உண்டாக்கப்பட்டு, குழு எழுப்பப்பட்டு, கீழவை கலைகிற அதே வெள்ளிக்கிழமை, மாலைக்குள், மேலவையில் மசோதாவை நிறைவேற்றியே தீர்வது என்று ஆளுங்கட்சி முடிவு செய்தது. கட்சியின் உறுப்பினர்கள் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவு போடுகிற கொறடா தனஞ்செயன், எல்லாரும் அவையில் இருந்து ஆம் என்று சொல்ல வேண்டும், சொல்லாதவர் பதவி இழப்பார் என்று எழுதி அனுப்பினார். சிந்தாமணி அதைப் படித்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு, தலைநகரத்திலிருந்து ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. தெருத் தெருவாகப் போனாள். மலைமேல் ஏறிவிடுங்கள், வெள்ளிக்கிழமை இந்தத் தண்ணீர் நிஜத் தண்ணீராகப் போகிறது என்று கதவு கதவாகத் தட்டிச் சொன்னாள். ஜனங்கள் அவளுக்கு மோர் கொடுத்தார்கள். உட்காரு தாயி என்றார்கள். இது நம்ம தண்ணி, நம்மளை என்ன பண்ணப் போவுது என்றார்கள். ஆடு வளர்க்கிற பேச்சி, என் வீட்டுப் பிள்ளைப்பேறே இதுக்குள்ளதான் ஆச்சு, பிள்ளை கொழுகொழுன்னு இருக்கான், போய் வேற சோலி இருந்தா பாரு என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். சிலர் அவள் கட்சி சொல்லித்தான் ஊரைக் காலி பண்ண வந்திருக்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். வைரவன் மைக்கைக் கொடுத்தான், அவள் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி தொண்டை கட்டும்வரை சொன்னாள், தேர்தலுக்குத் தேர்தல் கேட்ட அதே குரல் என்பதால் ஜனங்கள் அதைத் தேர்தல் பேச்சாகவே கேட்டார்கள். ஒரு சில குடும்பங்கள்தான் சட்டிபானையோடு மேலே போயின.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் மரியசூசையைக் கூப்பிட்டு, தார்ச்சாலையில் இருக்கிற சோதனைச் சாவடிக்குப் போகச் சொன்னாள், அங்கே தொலைபேசி இருந்தது. பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், தண்ணீர் நிறம் மாறிய கணமே மேலவைத் தலைவரின் அலுவலகத்துக்குப் பேச வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று அவன் காதோடு சொன்னாள். மரியசூசை அவளைப் பார்த்தான், பிறகு வைரவனைப் பார்த்தான், பிறகு கடையைக்கூடப் பூட்டாமல் மலையேறிப் போனான்.

வைரவன் அவள் பின்னாலேயே கடைக்குள் போனான். மரியசூசையிடம் என்ன சொன்ன என்று கேட்டான். சிந்தாமணி மைக்செட் கடையின் மர நாற்காலியில் உட்கார்ந்து, வந்த நாளிலிருந்து முதல் முறையாகக் காலை நீட்டினாள்.

"மேலவையில ஒரு வழக்கம் இருக்குங்க. உறுப்பினர் ஒருத்தர் செத்துப்போனா, அன்னைக்கு அங்க அலுவலே கிடையாது. எந்திரிச்சு நின்னு மௌனமா இருந்துட்டு, இரங்கல் தீர்மானம் மட்டும் போட்டுட்டுக் கலைஞ்சிருவாங்க. அதுக்கு முன்னால அன்னைக்குக் காலையிலேருந்து என்ன செஞ்சிருந்தாலும் அது செல்லாது. அந்த நாளே இல்லைன்னு ஆயிரும். நான் போன முதல் வாரத்துல ஒரு பெரியவர் தவறிட்டாரு, அப்பப் பார்த்தேன். காலையில நிறைவேத்துன ரெண்டு மசோதாவைக் கிழிச்சே போட்டாங்க."

தலைவருக்குத் தந்தி கொடுத்துவிட்டாள் என்றும் சொன்னாள். நான் சேம்பாறையில், என் வீட்டில் இருக்கிறேன், மசோதாவை நிறைவேற்றினால் அவையின் உறுப்பினர் ஒருவர் மூழ்கிச் சாவார், இதை அவைக்குத் தெரிவிக்கவும் என்று. தெரிந்தே ஒரு உறுப்பினரைக் கொல்ல யாருக்கு மனசு வரும், தள்ளி வைத்துவிடுவார்கள், சாயங்காலம் கீழவை கலைந்துவிடும், எல்லாம் முடிந்துபோகும் என்றாள். அவள் சொன்ன வேகத்தில் அது நடந்து முடிந்த காரியம் மாதிரியே இருந்தது.

வைரவன் யோசித்தான். அவன் வயர்களோடு வாழ்ந்தவன், ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை வரைக்கும் போய்ப் பார்க்காமல் விடமாட்டான்.

"சரி, மனசு வந்து நிறைவேத்திட்டாங்க. தண்ணி நிஜமாயிருது. நீ போயிர்ற. மரியசூசை போன் பண்றான். அந்த நாளே இல்லைன்னு ஆயிருது, தண்ணி போயிருது, ஊரு பிழைச்சுக்கிருது. நீ?"

 மேலே ஒரு கெண்டைக் கூட்டம் திரும்பியது, அதன் நிழல் இரண்டு பேர் மேலும் போயிற்று. நீ பிழைத்து வந்தால் சாவு இல்லை, சாவு இல்லாவிட்டால் அந்த நாளை இல்லாமல் ஆக்கக் காரணம் இல்லை, அப்படியென்றால் ஊர் பிழைக்காது என்று அவனே மறு முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான். வா மேலே போவோம், ஊரைக் கேட்டால் கேட்கிறது, கேட்காவிட்டால் போகிறது, நம்மால் ஆனதைச் சொல்லியாயிற்று என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"பேச்சி பிள்ளை மூழ்குறதை அங்க மேல இருந்து பார்த்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா" என்றாள் சிந்தாமணி. "எனக்குப் பயமாத்தாங்க இருக்கு. நீங்க போங்க. நீங்க மேல இருக்கீங்கன்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்."

சரி போகிறேன் என்று சொல்லி அவன் தெருமுனை வரைக்கும் போனான். அங்கிருந்து திரும்பி வந்தான். ஸ்பீக்கரை யார் போடுவது என்று முணுமுணுத்தபடி ஆம்ப்ளிஃபையரின் விளக்கைப் போட்டு, மேலவை ஒலிபரப்பைத் திருப்பிவிட்டு, அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவளும் அவனைத் திட்டவில்லை.

அவை கூடியது. முதலில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, உறுப்பினர் சிந்தாமணியிடமிருந்து தலைவருக்குத் தந்தி வந்ததாகக் கேள்விப்படுகிறேன், அதை வாசிக்க வேண்டும் என்றார். தலைவர் வாசித்தார், குரல் கொஞ்சம் உடைந்துதான் இருந்தது. உடனே கொறடா தனஞ்செயன் எழுந்தார். அப்படியொரு தண்ணீர் இருப்பதாக இந்த அவை இதுவரை பதிவு செய்யவில்லை, இல்லாத தண்ணீரில் உறுப்பினர் எப்படி மூழ்குவார், சிந்தாமணியம்மா ஊருக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான், அவையின் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அவர் அடுக்கினார். நீண்ட நேரம் கூச்சல் நடந்தது. கடைசியில் தலைவர், ஒரு உறுப்பினர் அவைக்கு வெளியே எங்கே இருக்கிறார் என்பதை அவை கருத்தில் கொள்ள இயலாது என்று தீர்ப்புச் சொன்னார். வைரவன் சிந்தாமணியைப் பார்த்தான், அவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மசோதாவைப் பிரிவு பிரிவாக எடுத்தார்கள். இரண்டாவது பிரிவு மசோதாவின் பகுதியாகிறது என்றார் தலைவர், தண்ணீரின் குளிர் சட்டென்று எலும்பு வரைக்கும் இறங்கியது, தெருவில் யாரோ இருமினார்கள். மூன்றாவது பிரிவு ஆகிறது என்றார், தோள் மேல் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது, இத்தனை மாதமும் எடையில்லாமல் கிடந்த அந்தத் தண்ணீர் இப்போது மூட்டையாக அழுத்தியது, கடைப்பலகையில் இருந்த திருகாணி உருண்டு விழாமல் மெல்ல மெல்ல இறங்கியது. நான்காவது பிரிவு. வைரவனின் சட்டைக் காலர் ஈரமாயிற்று. ஊரில் முதல் அலறல் அப்போதுதான் கேட்டது, கதவுகள் படபடவென்று திறந்தன, ஜனங்கள் வெளியே வந்து ஓட ஆரம்பித்தார்கள், ஆனால் கனத்த தண்ணீருக்குள் கால்கள் கனவில் ஓடுகிற கால்களாகத்தான் ஓடின, பேச்சி குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடை வாசலைத் தாண்டப் பார்த்து, தாண்ட முடியாமல் ஓட்டுச் சாய்ப்பின் தூணைப் பிடித்துக்கொண்டாள். சிந்தாமணியைப் பார்த்தாள். பேச்சியின் கண்ணில் இருந்ததை வைரவன் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சிந்தாமணி ஒரு கையை அவன் கைக்குள் வைத்தாள். அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"திருத்தம் ஏதும் இருக்கான்னு கேக்குறாரு. யாருமே எந்திரிக்கல" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

மசோதா நிறைவேற்றப்பட வேண்டும் என்பது கேள்வி, ஆம் என்போர் ஆம் என்க. மலைக்கு அந்தப் பக்கமிருந்து பெரிய ஆம் வந்தது. இல்லை என்போர் இல்லை என்க. சின்ன இல்லை வந்தது. ஆம் என்போரே அதிகம் என்ற வார்த்தையை ஸ்பீக்கர் முழுசாகச் சொல்லவில்லை, பாதியில் கர்ரென்று அடங்கியது, ஏனென்றால் அப்போது அது தண்ணீருக்குள் இருந்தது, எல்லாமே தண்ணீருக்குள் இருந்தன. வைரவன் மூச்சை இழுத்தான், மூச்சுக்குப் பதிலாக ஆறு உள்ளே வந்தது. அவள் கையை விடக்கூடாது என்று நினைத்தான். அந்த நினைப்போடு அவனுக்கு எல்லாம் இருட்டாகிப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது மரியசூசையும், பின்னால் தலைநகரத்திலிருந்து வந்தவர்களும் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். பச்சையாக இருந்த தண்ணீர் கறுத்ததைப் பார்த்தான், சோதனைச் சாவடிக்குள் ஓடினான், தலைவர் அலுவலகத்தைப் பிடித்து, உறுப்பினர் சிந்தாமணி காலமாயிட்டாங்க, நான் பார்த்துக்கிட்டு நிக்கேன் என்றான். அதை ஒரு காகிதத்தில் எழுதித் தலைவரிடம் கொண்டுபோனார்கள், அவையில் அப்போது உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்றார். கொறடா குறுக்கே வந்து, தகவல் உறுதியாகவில்லை, சாயங்காலம் வரைக்கும் பொறுக்கலாம் என்று காதோடு சொல்லிப் பார்த்தார், ஆனால் சாவுக்கு எழுந்து நின்ற தலைவரை உட்காரச் சொல்வது அந்த அவையில் யாரும் செய்யாத காரியம், ஆளுங்கட்சியின் பின்வரிசையில் ஒரு முதியவர் எழுந்தார், அவரைப் பார்த்து அடுத்தவர் எழுந்தார், நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, மௌனம் வந்தது. அந்த மௌனம் முடிந்ததும் தலைவர் இரங்கல் தீர்மானத்தை வாசித்து, இன்றைய நாள் அலுவல் நடவாத நாள், அவை கலைகிறது என்றார். கொஞ்ச நேரத்தில் நடைபாதையின் மறுமுனையில் கீழவையும் கலைந்தது, அணை மசோதா செத்தது.

வைரவன் கண் திறந்தபோது வெயில் மஞ்சளாக அடித்தது. அந்த மஞ்சளை அவன் மறந்தே போயிருந்தான், கண் கூசியது. தண்ணீர் இல்லை, மீன் இல்லை. தெருவெல்லாம் ஜனங்கள் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் உடம்பிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை, பேச்சியின் குழந்தை பசித்து வீரிட்டு அழுதது. ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு ஒன்றும் நடக்காத மாதிரி எரிந்தது. அவன் கைக்குள் இன்னும் அவள் கை இருந்தது, அது மட்டும் நனைந்திருந்தது.

பெண்கள் ஓடி வந்து அவளைத் தூக்கிப் பெஞ்சில் கிடத்தித் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்கத் தலைமுடியிலிருந்தும் சேலையிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துண்டு மாற்றித் துண்டாகப் பிழிந்து வாசலில் ஊற்றினார்கள், வாசலிலிருந்து அது ஓடையாகத் தெருவில் இறங்கியது. பேச்சி குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்து, பாதத்தைத் துடைத்தாள். மோர் கொடுத்து உட்கார வைத்தவர்கள், முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள், அத்தனை பேரும் வந்து நின்றார்கள், வைரவன் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றே அவனுக்குத் தெரியவில்லை, அதனால் எல்லார் மேலும் கோபமாக இருந்தது.

பொழுது சாய்ந்த பிறகு தலைநகரத்திலிருந்து கார்கள் வந்தன. கொறடா தனஞ்செயன் பெரிய மாலையோடு இறங்கினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அதைப் பொய் என்று சொல்ல முடியாது. மாலையை வைத்துக் கும்பிட்டுவிட்டு, அவை நிறைவேற்றிய இரங்கல் தீர்மானத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, எல்லாரும் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும், மைக் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வைரவனிடமே தணிந்த குரலில் கேட்டார்.

வைரவன் எழுந்தான். மைக்கை எடுத்தான், ஊதிப் பார்த்தான், ஊர் முழுக்க அந்த ஊதல் கேட்டது. ஆனால் அவரிடம் கொடுக்கவில்லை, தானே வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, இன்னைக்கு அங்க நடந்தது எதுவும் நடக்கலைன்னு உங்க வழக்கம் சொல்லுது. மசோதா நிறைவேறல. தண்ணி வரல. இந்த ஊர்ல ஒருத்தரும் மூழ்கல. அப்ப இவ செத்தது மட்டும் எப்படிங்க நடந்துச்சு?"

தனஞ்செயன் காகிதத்தை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார். அவையில் எந்தக் கேள்வியையும் அவர் பதில் இல்லாமல் விட்டதில்லை.

"அது அவைக்கு வெளியில நடந்ததுங்க" என்றார்.

மைக் திறந்தே இருந்ததால் அது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. வைரவன் மைக்கை அணைத்துக் கீழே வைத்துவிட்டு, பேச்சியின் கையிலிருந்த துண்டை வாங்கிப் பிழிந்து, சிந்தாமணியின் கையைத் துடைக்க ஆரம்பித்தான்.